சீதக்கா பத்தி வந்த கட்டுரைக்கு ஒரு வாசகர் கருத்து
தெலங்கானா மந்திரி சீதக்கான்னாலே எல்லாரும் நக்சலா இருந்து மந்திரி ஆனாங்கன்னுதான் ஆரம்பிக்கிறாங்க, இந்தக் கட்டுரையும் பாதிக்கு மேல அதுலயே போயிடுச்சு, ஆனா முலுகு தொகுதிக்காக அவங்க உழைச்சதுதான் எனக்குப் பெருசா தெரியுது. 2009ல தெலுங்கு தேசம் கட்சில ஜெயிச்சாங்க, 2014ல தோத்தாங்க, அதுக்கப்புறமும் தொகுதிய விடல, காங்கிரஸுக்கு மாறி 2018லயும் 2023லயும் அதே முலுகுலதான் ஜெயிச்சாங்க. கொரோனா லாக்டவுன்ல ரோடே இல்லாத காட்டு கிராமங்களுக்கு அரிசி, காய்கறி மூட்டையத் தலையில சுமந்துக்கிட்டு ஓடையெல்லாம் தாண்டி நடந்தே போனாங்களே, ஒரு எம்எல்ஏ அப்படிப் போறதப் பாத்து நெஜமாவே கண்ணு கலங்கிடுச்சுங்க. அவங்களும் கோயா பழங்குடிதான், அதனால அந்த ஜனங்க கஷ்டம் அவங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல. எம்எல்ஏவா இருந்துக்கிட்டே 2022ல உஸ்மானியா யுனிவர்சிட்டில பிஎச்டி முடிச்சாங்க, அதுவும் கொத்திக்கோயா பழங்குடிங்களப் பத்தின ஆராய்ச்சி, இதக் கட்டுரையில ஒரே வரில தாண்டிட்டீங்களே. இப்போ பஞ்சாயத்து ராஜ் துறையே அவங்க கையில இருக்கு, நடந்து போன அந்த ஊருக்கெல்லாம் மொதல்ல ரோடு போட்டுக் குடுக்கணும், அக்கா கண்டிப்பா செய்வாங்கன்னு நம்புறேன்.