ஏழு கப்பலா கவிழ்த்தது?

மூன்று நாளாக அந்தக் காணொளியை ஆளாளுக்கு உள்பெட்டியில் அனுப்பிக்கொண்டே இருக்கிறீர்கள். சரி, பார்த்துத் தொலைத்தேன். "கி.மு. 1200 வாக்கில் கடல் மக்கள் படகேறி வந்தார்கள், பேரரசுகள் சாம்பலாயின. இப்போ புரியுதா?" என்று கண்ணடிக்கிறார் அதில் பேசும் அண்ணன். கடல் மக்கள் என்றால் அந்தக் காலத்தில் மத்தியதரைக் கடல் வழியாக வந்த கூட்டங்கள். இன்றைக்குப் படகில் அடைக்கலம் தேடி வருகிறவர்களாலும் நாடு அழியும் என்பதுதான் அந்தக் கண்ணடிப்பின் அர்த்தம். கீழே ஒரே கைதட்டல்.

புரியவில்லை அண்ணே. அப்படிச் சாம்பலான பேரரசுகளில் ஒன்று ஹிட்டைட். அதன் தலைநகர் ஹட்டூசா கடலோரத்திலா இருந்தது? அனடோலியாவின், அதாவது இன்றைய துருக்கியின், நடு மேட்டுநிலம் அது. தீப்பிடிக்கும் முன்பே கோயில்களையும் அரண்மனையையும் காலி செய்துவிட்டார்கள் என்றுதான் அங்கே தோண்டியவர்கள் சொல்கிறார்கள். அதே துருக்கியில் கோர்டியன் என்ற இடத்தில் கிடைத்த ஜூனிப்பர் மர வளையங்களில் கி.மு. 1198 முதல் 1196 வரை கடும் வறட்சி பதிவாகியிருக்கிறது. அதற்கும் முன்பே, ஹிட்டைட் நாடு பிழைக்கட்டும் என்று கப்பலில் தானியம் அனுப்பியதாக எகிப்து மன்னன் மெர்னெப்தா கல்லில் பொறித்திருக்கிறான். பட்டினிதான் முதலில் வந்தது. படகு அப்புறம்.

"அப்போ சிரியாக் கடற்கரையில் இருந்த உகாரித் நகரத்தை எரித்தது பூனையா?" என்று கேட்பீர்கள். கொள்ளையர்கள் வந்தார்கள், இல்லை என்று யார் சொன்னது? எதிரி ஏழு கப்பலில் வந்து ஊர்களை எரித்துவிட்டான் என்று உகாரித் அரசன் அம்முராபி எழுதிய களிமண் கடிதமே இருக்கிறது. என் படை ஹிட்டைட் நாட்டில், கப்பல்கள் லுக்கா நாட்டில் என்று அதிலேயே புலம்புகிறான். காவலை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து போட்டவன் கதை. ஏழே ஏழு கப்பல், விடுங்கள்.

"மூன்றாம் ராம்செஸின் கல்வெட்டு?" கடல் மக்கள் அழித்ததாக அந்த எகிப்து மன்னன் போட்ட பட்டியலில், ஹிட்டைட் ஆட்சியின் கீழ் இருந்த கார்க்கெமிஷும் அழிந்த ஊர். அது அழியவே இல்லை, பழைய அரச வம்சமே தொடர்ந்து ஆண்டது. எழுத்தை விட்டு மெதினெட் ஹபு கோயில் சுவரில் அவன் செதுக்கிய படத்தைப் பாருங்கள். சண்டைக்கு நடுவில் கட்டைச் சக்கர மாட்டு வண்டிகள், அவற்றில் பெண்கள், குழந்தைகள். கொள்ளைக்குப் போகிறவன் பிள்ளைகுட்டியோடா போவான்? அவர்களை ஜெயித்த அதே ராம்செஸின் 29-ஆம் ஆட்சியாண்டில் அரசக் கல்லறை கட்டும் தொழிலாளர்கள் கூலித் தானியம் வராமல் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்தார்கள். அதற்கும் படகில் வந்தவனா காரணம்?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்றால், எங்கள் அப்பாயி 1974-ல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கியவள். ஒரு தகரப் பெட்டி, இரண்டு பிள்ளைகள். மண்டபம் முகாமிலிருந்து அனுப்பிவைத்த ஊரில் அந்தக் கோடையில் கிணறு வற்றியது. "சிலோன்காரங்க வந்ததுல இருந்துதான் தண்ணியே இல்ல" என்றார்கள். அதற்கு முந்தின வருஷமே மழை பொய்த்திருந்தது. எல்லோருக்கும் தெரியும். இருந்தும் அவள் குடத்தை மட்டும் வரிசையின் கடைசிக்குத் தள்ளிவிட்டார்கள். சாகும்வரை அந்தக் கிணற்றுப் பக்கம் அவள் போகவில்லை.

"இதையும் அதையும் முடிச்சுப் போடாதே" என்பீர்கள். முடிச்சைப் போட்டது நானா? "இப்போ புரியுதா" என்று கேட்டது யார்?

இனி அந்தக் காணொளியை எனக்கு அனுப்பாதீர்கள். அனுப்பினால் கிணற்றுக் கதையை முழுசாக எழுதுவேன், ஊர்ப் பெயரோடு.