வீடியோ போதும், பிள்ளைகளைப் பேச விடுங்கள்

இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க ஆன்லைனில் என்ன இருக்கிறது என்று கேட்டால் எல்லோரும் வீடியோ லிங்க்தான் அனுப்புகிறார்கள். என் கருத்து வேறு. செல்போனில் இங்கிலீஷ் பாடத்துக்கு உண்மையாக உதவுவது திரை இல்லை, மைக்தான். பிள்ளை பேச வேண்டும். பேசியதை ஒரு ஆள் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். இது நடக்காத எந்த ஆப்பும், எவ்வளவு அழகாக இருந்தாலும், எங்கள் பிள்ளைகளைப் பேச வைக்கவில்லை.

நான் வேலை பார்ப்பது கிருஷ்ணகிரி மாவட்டம் தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரு அரசு நடுநிலைப் பள்ளியில். என் வகுப்பில் பலருக்கு வீட்டுமொழி தெலுங்கு அல்லது கன்னடம், சில வீடுகளில் உருது. தமிழ் எழுதப் படிக்கவே பள்ளிக்கு வந்துதான் பழகுகிறார்கள். அதற்கப்புறம்தான் இங்கிலீஷ். ஊருக்குள் யாரும் பேசிக் காதில் விழாத மொழி அது. ஆனால் இதே பிள்ளைகள்தான் நாளைக்கு ஓசூர் கம்பெனிகளில் இன்டர்வியூவுக்குப் போய் நிற்கப்போகிறார்கள். அங்கே இலக்கணத் தேர்வு வைக்க மாட்டார்கள், உன்னைப் பற்றிச் சொல் என்பார்கள்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2018-இல் வந்த புதிய பாடப்புத்தகங்களில் க்யூஆர் கோடு போட்டார்கள். 2019-இல் கல்வி தொலைக்காட்சி வந்தது, 2023-இல் பாட வீடியோக்களுக்கான மணற்கேணி ஆப் வந்தது. அறிவியலுக்கும் கணக்குக்கும் இவை நன்றாகவே உதவுகின்றன. இதயம் எப்படித் துடிக்கிறது என்பதை வீடியோவில் பார்த்தால் புரியும். மொழி அப்படி இல்லை. நூறு வீடியோ பார்த்த பிள்ளையும் எழுந்து நின்று ஒரு வாக்கியம் சொல்லச் சொன்னால் தலையைக் குனிந்துகொள்கிறது.

அதனால் நான் நம்பியிருப்பது வாட்ஸ்அப் வாய்ஸ் நோட்டைத்தான். வாரம் ஒரு தலைப்பு, ஒரு நிமிடப் பேச்சு. குரூப்பில் போடக் கூடாது, எனக்கு மட்டும் அனுப்ப வேண்டும். குரூப்பில் போட்டால் மற்ற பிள்ளைகள் சிரிப்பார்கள், அப்புறம் அந்தப் பிள்ளை வருடம் முழுக்க வாய் திறக்காது. பெண் பிள்ளைகளின் குரல் யார் யார் போனுக்கோ போவதைப் பெற்றோரும் விரும்ப மாட்டார்கள், அது நியாயம்தான். வகுப்பில் காதுக்கே எட்டாமல் பேசுகிற எட்டாம் வகுப்புப் பெண்கள் வாய்ஸ் நோட்டில் தெளிவாகப் பேசுகிறார்கள். காரணம், அனுப்பும் முன் போட்டுக் கேட்கலாம், பிடிக்கவில்லை என்றால் அழித்துவிட்டு மறுபடி பேசலாம். ஒரு நிமிடம் அனுப்புவதற்குள் நாலைந்து முறை பேசிப் பார்த்துவிடுகிறார்கள். அந்தப் பயிற்சிதான் எனக்கு வேண்டியது.

தலைப்பு முக்கியம். விமான நிலையத்தில் பேசுவது எப்படி, ஓட்டலில் ரூம் கேட்பது எப்படி என்றெல்லாம் ஆன்லைன் பாடங்கள் நிறைய இருக்கின்றன. எங்கள் பிள்ளைகளுக்கு அதில் சொல்ல ஒன்றும் இல்லை. ராகி கதிர் பிடிக்கிற நேரத்தில் ஜவளகிரி காட்டு வழியாக யானைக்கூட்டம் இறங்குமே, அதைப் பற்றிப் பேசச் சொல்லிப் பாருங்கள். ஒரு நிமிடம் போதாது. தாத்தா பட்டாசு வெடித்தது, நாய் குரைத்தது, காலையில் போய்ப் பார்த்தால் பாதிக் கொல்லை காலி. சொல்ல விஷயம் இருக்கிற பிள்ளை சொல்லைத் தேடும். ராயக்கோட்டை மார்க்கெட்டில் தக்காளி விலை இறங்கிய வாரமும் அப்படித்தான் நிறைய பேசினார்கள்.

பதிலை நானும் வாய்ஸ் நோட்டாகத்தான் அனுப்புவேன். பிழைப்பட்டியல் போடுவதில்லை. அந்தப் பிள்ளை சொன்னதையே சரியான வாக்கியத்தில் திருப்பிச் சொல்லி, கூடவே ஒரு கேள்வி கேட்பேன். தமிழ் மட்டும் பேசும் பிள்ளைகளுக்கு இங்கிலீஷின் p ஒலியையும் b ஒலியையும் பிரித்துக் கேட்கவே நாள் ஆகும். தெலுங்கும் கன்னடமும் பேசுகிறவர்களுக்கு அது வீட்டிலேயே உண்டு, சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். இதை எந்த ஆப்பும் கவனிப்பதில்லை. உச்சரிப்பில் எனக்கே சந்தேகம் வந்தால் யூகிளிஷ் என்ற தளத்தில் சொல்லைப் போடுவேன். யூடியூபில் பலரும் அந்தச் சொல்லைச் சொல்கிற இடங்களை மட்டும் எடுத்துக் காட்டும். ஆசிரியர்களுக்கு அருமையான வசதி.

போன் எல்லா வீட்டிலும் பகலில் இருக்காது. அப்பா பெங்களூரில் கட்டட வேலைக்குப் போயிருந்தால் போனும் அவரோடு போய்விடும். மலைக் கிராமங்களில் டவர் கிடைக்காது. இங்கேயும் வாய்ஸ் நோட் கைகொடுக்கிறது. பேசி வைத்துவிட்டால் சிக்னல் கிடைக்கிற இடத்தில் தானே போய்ச் சேரும். நேரலை வகுப்பு எங்கள் பக்கம் எடுபடாததற்குக் காரணமே இதுதான்.

கூகுளின் ரீட் அலாங் ஆப்பையும் பிள்ளைகளுக்குக் கொடுக்கிறேன். 2019-இல் போலோ என்ற பெயரில் வந்தது. கதைகளை இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் பிள்ளை வாசிப்பதைக் கேட்டுச் சரி பார்க்கும். வாசிப்புக்கு நல்லது. ஆனால் பொருள் புரியாமலே கடகடவென்று வாசித்து நட்சத்திரம் வாங்கிவிடலாம். புரிந்ததா என்று நான் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஏஐ இருக்க இங்கிலீஷ் டீச்சர் எதற்கு என்று கேட்கிறவர்களுக்கு: சாட்ஜிபிடியின் விதிப்படியே 13 வயதுக்குக் கீழே உள்ளவர்கள் அதைப் பயன்படுத்தக் கூடாது. என் பிள்ளைகளில் பலர் அந்த வயதுக்குக் கீழேதான். எனக்கு அது உதவுகிறது, தக்காளி விலையைப் பற்றி எளிய இங்கிலீஷில் ஒரு பத்தி எழுதி வாங்கித் திருத்திக்கொள்வேன். அவ்வளவுதான்.

இன்னொன்று, இலவசக் கருவிகள் என்றைக்கும் இருக்கும் என்று நம்ப வேண்டாம். மாணவர்கள் பேசி வீடியோ பதிவு செய்ய உதவிய ஃபிளிப் என்ற தனி ஆப்பை மைக்ரோசாஃப்ட் 2024-இல் மூடிவிட்டது. வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி 1959-இல் இருந்து சுமார் 1,500 சொற்களை வைத்து மெதுவாக வாசித்த செய்திகள் எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய துணையாக இருந்தன. 2025 மார்ச்சில் அந்த வானொலியை அமெரிக்க அரசு முடக்கியபோது அதுவும் நின்றது. ஆப் போனாலும் பழக்கம் போகாதபடி வேலையை அமைத்துக்கொள்வதுதான் பாதுகாப்பு.

இங்கிலீஷ் ஆப்புக்கு வருடச் சந்தா என்று வீட்டு வாசலுக்கு வந்து ஆயிரக்கணக்கில் கேட்கிறவர்களிடம் பெற்றோர் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: என் பிள்ளை பேசுவதை யார் கேட்பார்கள்? ஒரு ஆளைக் காட்டினால் யோசிக்கலாம். கல்வித்துறைக்கும் ஒரு வேண்டுகோள். எத்தனை பேர் லாகின் செய்தார்கள், எத்தனை வீடியோ ஓடியது என்று கணக்குக் கேட்பதை விட்டுவிட்டு, பிள்ளைகளின் குரலைக் கேட்க ஆசிரியருக்கு வாரத்தில் ஒரு பீரியடைக் கால அட்டவணையிலேயே ஒதுக்கிக் கொடுங்கள். இப்போது இரவில் வீட்டில் உட்கார்ந்துதான் கேட்கிறேன். நாற்பது பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் எல்லா ஆசிரியராலும் அது முடியாது.

தளி, கெலமங்கலம், அஞ்செட்டிப் பக்கமும், பாலக்கோடு, பென்னாகரம் பக்கமும் இங்கிலீஷ் எடுக்கிற ஆசிரியர்கள் இன்பாக்ஸில் வாருங்கள். இந்த வருடத்துக்கான தலைப்புகளை எழுதி வைத்திருக்கிறேன், அனுப்புகிறேன். உங்கள் ஊர்ப் பிள்ளைகள் எதைப் பற்றி நிறையப் பேசுவார்கள் என்று நீங்களும் சொல்லுங்கள், சேர்த்துக்கொள்ளலாம்.