குடிலுக்குள் வைத்த பொருள் கேட்பாரற்ற பொருள் அன்று

"காரையாற்றில் குடிலை விட்டுக் குளிக்கப் போய்விட்டால் உள்ளே இருப்பது கேட்பாரற்ற பொருள், அது காணாமல் போனால் திருட்டு வழக்கே போட முடியாது" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. ஆடி அமாவாசைக்குக் காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார் கோயிலில் குடில் போட்டுத் தங்கப் போகிறவர்கள் இதை நம்பிவிடக் கூடாது.

சாலையில் யார் வசமும் இல்லாமல் கிடக்கும் மோதிரத்தை எடுப்பது திருட்டாகாது, வேறு குற்றமாகலாம் என்று சட்டத்தில் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. குழப்பம் அங்கிருந்து வந்திருக்கலாம். ஆனால் தார்ப்பாய்க் குடிலுக்குள், கோரைப்பாயின் அடியில், மடித்த வேட்டிக்குள் செருகி வைத்த பணப்பை, நீங்கள் தாமிரபரணியில் முங்கி நிற்கும்போதும் உங்கள் வசத்தில்தான் இருக்கிறது. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 303ஆம் பிரிவு திருட்டுக்கு 3 ஆண்டு வரை சிறை என்கிறது. 305ஆம் பிரிவோ, மனிதர் தங்கும் கட்டடத்தோடு கூடாரத்தையும் பெயர் சொல்லியே சேர்த்து, அங்கே நடக்கும் திருட்டுக்கு 7 ஆண்டு வரை என்கிறது. பழைய சட்டத்தின் 380ஆம் பிரிவிலும் கூடாரம் இருந்தது.

படித்துறையில் துணியோடு வைத்த கைபேசிக்கு 303 பொருந்தும். பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்தால் மட்டும், அந்தப் பிரிவில் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் புலன்விசாரணை செய்ய முடியாது. அவர் சொன்னதில் உண்மையின் சாயல் இருப்பது இந்த ஓரிடத்தில்தான். குரங்கு தூக்கிப் போயிருக்கிறதா என்று முதலில் மரத்தடியில் பார்த்துவிட்டு, போலீசில் புகார் கொடுத்து, அதைப் பெற்றுக்கொண்டதற்கான மனு ரசீது வாங்குங்கள். கைபேசி என்றால் அதன் அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணையும் எழுதிக் கொடுங்கள்.