அந்த ஞாயிற்றுக்கிழமைக் குரல்கள்

'மை ஃபேர் லேடி' என்றால் நம்மில் பலருக்கு ஆட்ரி ஹெப்பர்னும் அந்தப் பெரிய தொப்பியும்தான் நினைவுக்கு வரும். 1964இல் வந்த இசைப் படம். கொச்சையாகப் பேசும் பூக்காரி எலைசாவுக்கு ஹிக்கின்ஸ் என்ற பேராசிரியர் சரியான உச்சரிப்பைக் கற்றுக்கொடுக்கும் கதை. நானும் அந்த வழியாகத்தான் உள்ளே வந்தேன். படத்தில் எலைசா பாடும்போது நாம் கேட்பது பெரும்பாலும் மார்னி நிக்ஸன் என்ற பாடகியின் குரல் என்பது பிறகுதான் தெரிந்தது. பின்னணிக் குரலோடு வளர்ந்த நமக்கு அது ஒரு குறையே இல்லை. நிக்ஸன் நன்றாகவே பாடியிருக்கிறார். ஆனால் படத்தோடு நின்றுவிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. அதற்கு எட்டு வருடம் முன்பு, நியூயார்க் மேடையில் அந்தப் பாடல்களை முதன்முதலாகப் பாடியவர்களின் குரல் அப்படியே பத்திரமாக இருக்கிறது.

அந்த எல்பி, அதாவது நீண்ட நேரம் ஓடும் இசைத்தட்டு, எனக்குக் கிடைத்தது பழைய இசைத்தட்டு விற்கும் ஒரு கடையில். அட்டையின் ஓரத்தைக் கரையான் அரித்திருந்தது. படம் மட்டும் தப்பித்திருந்தது. ஓவியர் அல் ஹிர்ஷ்ஃபெல்டு வரைந்தது. மேகத்தின் மேல் தாடியோடு பெர்னாட் ஷா உட்கார்ந்து, கையிலுள்ள நூலால் பேராசிரியர் ஹிக்கின்ஸை ஆட்டுகிறார். ஹிக்கின்ஸ் கையிலுள்ள நூலில் எலைசா ஆடுகிறாள். ஷாவின் நாடகம்தான் மூலக்கதை என்பதை ஒரு பொம்மலாட்டத்தில் சொல்லிவிட்டார் மனிதர். வீட்டுக்கு வந்து, தட்டைத் துடைத்து, முள்ளை வைத்தேன். அன்றிலிருந்து படத்தின் பாடல்களை நான் அதிகம் போடுவதில்லை.

நாடகம் தொடங்கியது 1956 மார்ச் 15. ஒலிப்பதிவு நடந்தது மார்ச் 25, ஞாயிற்றுக்கிழமை. ஏன் ஞாயிறு? அன்றைக்குத்தான் நடிகர்களுக்கு விடுப்பு. வாரம் எட்டு காட்சி பாடிவிட்டு, தொண்டைக்கு ஓய்வு கிடைக்கும் ஒரே நாளில், கிழக்கு 30ஆம் தெருவில் கொலம்பியா நிறுவனம் ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றி வைத்திருந்த பழைய தேவாலயத்துக்கு வந்து, மொத்தப் பாடல்களையும் பாடி முடித்தார்கள். உடம்பில் மைக் மாட்டிக்கொண்டு பாடும் வழக்கம் அப்போது கிடையாது. கடைசி வரிசைவரை தன் மூச்சாலேயே குரலை அனுப்பப் பழகியவர்கள் அவர்கள். அந்தப் பழக்கத்தோடுதான் மைக்குக்கு முன்னாலும் வந்து நிற்கிறார்கள். அது கேட்கிறது.

ஜூலி ஆண்ட்ரூஸுக்கு அப்போது வயது 20. ஒத்திகையில் எலைசா அவருக்குப் பிடிபடவே இல்லை. இயக்குநர் மாஸ் ஹார்ட் மற்ற எல்லாரையும் அனுப்பிவிட்டு, ஒரு வார இறுதி முழுக்க அவரை மட்டும் வைத்துக்கொண்டு வசனம் வசனமாகச் சொல்லிக்கொடுத்தார். ஹிக்கின்ஸாக நடித்த ரெக்ஸ் ஹாரிசன் பாடகரே இல்லை. நியூ ஹேவன் ஊரில் முதல் முன்னோட்டக் காட்சி நடந்த அன்று, வாத்தியக் குழுவோடு தன்னால் முடியாது, மேடையேற மாட்டேன் என்று அடம்பிடித்தார். வெளியே பனி கொட்டுகிறது, உள்ளே கதாநாயகன் அறையை விட்டு வரவில்லை. கடைசி நேரத்தில்தான் இறங்கி வந்தார். அதற்குச் சில வாரம் கழித்துத்தான் இந்தப் பதிவு.

அதை மனதில் வைத்துக்கொண்டு 'தி ரெயின் இன் ஸ்பெயின்' கேளுங்கள். உச்சரிப்புப் பயிற்சியில் இரவெல்லாம் களைத்துப்போன எலைசா, அந்த ஒரு வரியை மெதுவாக, தனக்கே நம்பிக்கை இல்லாமல், சரியாகச் சொல்கிறாள். ஹிக்கின்ஸ் சத்தம் போடுவதில்லை. இன்னொரு தரம் சொல்லச் சொல்கிறார். மறுபடியும் சரி. அதற்குப் பிறகுதான் தாளம் உள்ளே நுழைகிறது. அவர்களும் ஹிக்கின்ஸின் நண்பர் பிக்கரிங்குமாக மூன்று பேரும் குழந்தைகளாகிவிடுகிறார்கள். பேச்சு எந்த இடத்தில் பாட்டானது என்று பலமுறை கேட்டும் எனக்கு விரல் வைக்க முடியவில்லை. ஹாரிசன் பேச்சுக்கும் ராகத்துக்கும் நடுவே நடக்கிறார். கால் எங்கே வழுக்குமோ என்ற பயம் குரலில் இருக்கிறது. ஆண்ட்ரூஸ் குரலில் அந்தப் பயம் சந்தோஷமாக மாறியிருக்கிறது.

1959இல் இதே நாடகத்தின் லண்டன் குழுவை ஸ்டீரியோவில் பதிவு செய்தார்கள். 1956 பதிவு மோனோ மட்டும்தான். ஸ்டீரியோ எல்பி அப்போது கடைக்கே வரவில்லை. அதனால் பலரும் லண்டன் பதிவைத்தான் சிபாரிசு செய்வார்கள். ஒலி விரிவாக இருக்கிறது, உண்மைதான். ஆனால் அதற்குள் ஹாரிசனும் ஆண்ட்ரூஸும் பல நூறு தடவை பாடித் தேர்ந்துவிட்டார்கள். எந்த இடத்தில் சிரிப்பு வரும் என்பது அவர்களுக்குத் தெரியும். அந்தத் தெரிதல் குரலில் ஏறிவிட்டது. எனக்கு 1956தான் வேண்டும்.

மேடையில் நடித்த குழுவையே பாடவைத்துப் பதிவு செய்யும் இந்த வகைத் தட்டுக்கு அமெரிக்காவில் பெரிய சந்தை பிறந்தது 'ஓக்லஹோமா'வோடு. 1943 மார்ச்சில் மேடையேறிய நாடகம். இசைக்கலைஞர் சங்கத்தின் ஒலிப்பதிவுத் தடையால் டெக்கா நிறுவனம் இலையுதிர் காலம்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆறு தட்டு, பன்னிரண்டு பக்கம், பக்கத்துக்கு மூன்று நிமிடம். 1945இல் 'கரோசல்' வந்தபோது, கதாநாயகன் தனியாக நின்று பாடும் நீண்ட பாட்டை நடுவில் வெட்டி இரண்டு பக்கமாகப் போட்டார்கள். அப்பா ஆகப்போகிறவனின் மனம் பொங்கிக்கொண்டிருக்கும்போது நாம் எழுந்து தட்டைத் திருப்ப வேண்டும்! 1948இல் எல்பி வந்த பிறகுதான் அந்த அவஸ்தை தீர்ந்தது. அடுத்த வருடம் வந்த 'சவுத் பசிபிக்' தட்டு, பில்போர்டு பத்திரிகையின் இசைத்தட்டுப் பட்டியலில் 69 வாரம் முதலிடத்தில் இருந்தது. 'மை ஃபேர் லேடி'க்கு வந்தபோது, கொலம்பியாவின் காடர்ட் லீபர்சன் சொல்லி, தாய் நிறுவனமான சிபிஎஸ் நாடகத்துக்கான முழு முதலையும் போட்டது. ஒரு இசைத்தட்டுக்காரரை நம்பி ஒரு நாடகம்!

யாருடைய குரல் என்பது முக்கியமா என்று கேட்பவர்களுக்கு 1950இன் 'கால் மீ மேடம்' கதையைச் சொல்வேன். ஆர்சிஏ என்ற இன்னொரு இசைத்தட்டு நிறுவனம் நாடகத்துக்குப் பணம் போட்டது, பதிவு உரிமையும் வாங்கியது. ஆனால் நாயகி எத்தல் மெர்மன் டெக்காவோடு ஒப்பந்தத்தில் இருந்தார். ஆர்சிஏ தட்டில் மேடையில் நடித்த மற்றவர்கள் இருக்கிறார்கள், மெர்மன் மட்டும் இல்லை. அவருக்குப் பதிலாக டைனா ஷோர். ஷோர் இனிமையான பாடகி. ஆனால் அந்த வேடம் மெர்மனின் வெண்கலக் குரலை நினைத்தே எழுதப்பட்டது.

அப்புறம், ஓடாத நாடகங்கள். லீபர்சன் இந்த விஷயத்தில் ஒரு புண்ணியவான். 1964இல் இசையமைப்பாளர் ஸோன்ட்ஹைமின் 'எனிஒன் கேன் விஸில்' ஒன்பதே காட்சியோடு மூடப்பட்டது. மூடிய பிறகும் குழுவைக் கூட்டிப் பதிவு செய்தார். நடிகை ஏஞ்சலா லான்ஸ்பரி அதில் பாடியது இன்றைக்கு நமக்குக் கேட்கக் கிடைப்பது அதனால்தான். நம் ஊரிலும் அப்படித்தான். நாடக மேடைப் பாடகர் எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல், 27 வயதில் இறந்தார். அவரை மேடையில் பார்க்காத நமக்கும் அவர் குரலைக் கொடுத்தது இசைத்தட்டுதான். ஆகவே இதன் அருமை நமக்குப் புதிதல்ல.

தேடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: 'மை ஃபேர் லேடி'யின் 1956, 1959 பதிவுகள் இரண்டின் அட்டையும் கிட்டத்தட்ட ஒன்றுதான், அதனால் மாறிப்போகும். நானே முதலில் மாற்றி வாங்கியிருக்கிறேன். நடிகர் பட்டியலில் ஃப்ரெடி வேடத்துக்கு நேரே ஜான் மைக்கேல் கிங் என்று இருந்தால் அது 1956. கேட்டுவிட்டு இங்கே வந்து சொல்லுங்கள்.