விலை கூடிய பெட்ரோல் ஊற்றினால் மைலேஜ் கூடுமா?

"ஆக்டேன் கூடிய பெட்ரோல் போட்டால் எந்த பைக்கும் கூடுதல் மைலேஜ் தரும், அதில் எத்தனாலும் இருக்காது" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

ஆக்டேன் எண் பெட்ரோலின் சக்தியைச் சொல்வதில்லை. சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும்போது, பிளக் பற்றவைத்த சுடர் வந்து சேர்வதற்கு முன்பே மிச்சமுள்ள பெட்ரோல்-காற்றுக் கலவை தானாக வெடித்து 'டக் டக்' என்று தட்டாமல் எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு, அவ்வளவுதான். கம்ப்ரஷன் அதிகமுள்ள வண்டிக்கு அது தேவை. கையேட்டில் 91 போதும் என்று போட்டிருந்தால், 97 ஊற்றுவதில் பர்ஸ்தான் இளைக்கும்.

பெட்ரோலில் கலக்கும் ஆல்கஹாலான எத்தனாலின் கதை இன்னும் வேடிக்கை. அதன் ஆக்டேன் எண்ணே 100க்கு மேல், அதனால் ஆக்டேனை ஏற்றவே அதைக் கலப்பதும் உண்டு. ஆனால் லிட்டருக்கு லிட்டர் பார்த்தால் பெட்ரோலைவிட அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு ஆற்றல் குறைவு, ஆக 10 சதவீதம் கலந்ததில் ஏறக்குறைய 3 சதவீதம் போகும், 20 கலந்தால் 6, 7. அப்புறம், பழைய கார்புரேட்டர் வண்டிகளில் ரப்பர் குழாயும் சீலும் எத்தனாலில் ஊறி உப்பலாம், விரிசல் விடலாம். எவ்வளவு கலப்பு வரை தாங்கும் என்பதைக் கையேட்டிலோ, பல புது வண்டிகளில் டேங்க் மூடிக்குப் பக்கத்து ஸ்டிக்கரிலோ பார்த்துக்கொள்ளலாம்.