லிங்க் அனுப்பினால் கேட்டதாகிவிடுமா?

போன வாரம் எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் ஒரு லிங்க் வந்தது. அறுபது வயது தாண்டியவர்களுக்கு என்னென்ன குறை, என்னென்ன தேவை என்று ஆன்லைனில் கணக்கெடுக்கிறார்களாம். அம்மாவுக்கு 74 வயது. வைத்திருப்பது பட்டன் போன். சரி, என் போனிலேயே நிரப்பிவிடலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். முதலில் மின்னஞ்சல் முகவரி கேட்டது. கொடுக்காமல் பக்கம் நகரவில்லை. என்னுடையதைப் போட்டேன். நாலைந்து கேள்வி தாண்டியதும், வீட்டில் உங்களை எப்படி நடத்துகிறார்கள் என்று ஒரு கேள்வி. வாசித்துக் காட்டினேன். அம்மா என் முகத்தைப் பார்த்தார். "நல்லாத்தான் பாத்துக்கிறீங்கன்னு போடு" என்றார்.

என்னிடம் வேறென்ன சொல்வார்? மகன் கையில் போனைக் கொடுத்துவிட்டு மகனைப் பற்றிக் கேட்பதற்குப் பெயர் கணக்கெடுப்பா?

எதிர்வீட்டு ஆயாவின் நிலைமை இன்னும் மோசம். தனியாக இருக்கிறார், கண்ணில் புரை, எழுதப் படிக்கத் தெரியாது, மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையில் ஓடுகிறது. யாரிடம் முதலில் கேட்க வேண்டும்? அவரிடம்தானே! அவர் எந்தக் குழுவிலும் இல்லை. நம் நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களிலேயே மூன்றில் ஒருவர்தான் ஒரு தடவையாவது இணையத்தைப் பயன்படுத்தியவர் என்று 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு சொல்கிறது. எழுபது தாண்டிய பெண்களிடம் போய் லிங்க்கைத் தட்டச் சொல்கிறீர்களே!

எந்த வயதில் பதில் குறைவோ, அந்த வயதுக்காரர்களின் பதிலைக் கூடுதலாக எண்ணிக் கணக்கைச் சரிக்கட்டிவிடுவோம் என்று ஒரு சமாதானம் வரும். எதைச் சரிக்கட்டுவீர்கள்? ஸ்மார்ட்போனில் படிவம் நிரப்பும் 75 வயதுக்காரருக்குப் பெரும்பாலும் படிப்பு இருக்கும், பென்ஷன் இருக்கும், பார்வை இருக்கும். அவர் பதிலை இரண்டு மடங்காக்கினாலும் அது ஆயாவின் பதிலாகாது.

முடியாத காரியமும் இல்லை. 2017-18இல் முதுமை பற்றிய லாசி (LASI) என்ற நாடு தழுவிய ஆய்வுக்காக, 45 வயது தாண்டியவர்களும் அவர்களின் துணைவர்களுமாக 72,000 பேருக்கு மேல் வீடு தேடிப் போய்ப் பார்த்தார்கள். எதிரே உட்கார்ந்து கேட்டார்கள், இரத்த அழுத்தம் பார்த்தார்கள், கைப்பிடியின் வலுவைக்கூட அளந்தார்கள். அதற்குச் செலவாகும், ஆள் வேண்டும், வெயிலில் நடக்க வேண்டும். நடங்கள்! இல்லையென்றால் ‘முதியோர் கருத்து’ என்று தலைப்புப் போடாதீர்கள், ‘ஸ்மார்ட்போன் வைத்திருக்கும் முதியோர் கருத்து’ என்று போடுங்கள்.

அம்மா பெயரில் நிரப்பியதை நான் அனுப்பவில்லை. பாதியிலேயே மூடிவிட்டேன்.