‘[தொகு]’ என்பதையாவது நீக்கியிருக்கலாம்

விக்கிப்பீடியாக் கட்டுரைகளை எங்கிருந்து எடுத்தது என்ற குறிப்பே இல்லாமல் ஒருவர் மின்னூலாக வெளியிட்டிருக்கிறார். எடுத்த இடத்தைச் சொல்லுங்கள் என்று மூன்று நாள்களுக்கு முன் ஒரு பதிவு போட்டேன். அதற்கு மேல் அந்த விவகாரத்தில் வாய் திறக்கக் கூடாது என்று அன்றிலிருந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். யார், எந்த நூல் என்பதெல்லாம் உங்களில் சிலருக்குத் தெரியும். பெயரை நான் எழுதப் போவதில்லை. ஆனால் நேற்றிரவு அந்தப் பதிவின் கீழே, “விக்கிப்பீடியா என்ன உங்கள் பாட்டன் சொத்தா?” என்று ஒரு பதில் வந்தது. அதற்கு வரிசையாகச் சிரிப்புக் குறிகள். சிரித்தவர்களில் நான்கு பேர் என் நட்புப் பட்டியலில் இருப்பவர்கள். அதன் பிறகு தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

பாட்டன் சொத்தில்லை ஐயா. ஒப்புக்கொள்கிறேன். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். அச்சிடலாம், மொழிபெயர்க்கலாம், பாதியாக வெட்டலாம், விலை வைத்து விற்கவும் செய்யலாம். யாரிடமும் அனுமதி கேட்டு வாசலில் நிற்க வேண்டியதில்லை. இவ்வளவையும் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் கேட்பது ஒரு வரி. இந்த உரை இந்தக் கட்டுரையிலிருந்து எடுக்கப்பட்டது, இதோ இணைப்பு, இன்ன உரிமம், இன்னின்ன மாற்றங்கள் செய்திருக்கிறேன். அவ்வளவுதான். இதைச் சொன்னதற்குத்தான் நான் ‘அறிவைப் பூட்டி வைக்கும் ஆள்’ ஆகிவிட்டேன்.

சரி, நூலைப் பார்ப்போம். 41ஆம் பக்கம், தட்டான்பூச்சி. அந்தக் கட்டுரையை விக்கிப்பீடியாவில் வளர்த்தவர்கள் முக்கியமாக மூன்று பேர், அவர்களில் நானும் ஒருவன். வண்ணத்துப்பூச்சிக்கு இருப்பதுபோலத் தட்டானுக்குக் கூட்டுப்புழுப் பருவம் கிடையாது. முட்டை, நீருக்குள் வாழும் இளம்பருவம், அங்கிருந்து நேராகச் சிறகு முளைத்த பூச்சி. அந்த இளம்பருவத்தைத் தமிழில் என்னவென்று சொல்வது? ‘குடம்பி’ (ஆங்கிலத்தில் லார்வா) என்றேன் நான். குடம்பி என்றால் முழு உருமாற்றம் அடையும், அதாவது கூட்டுப்புழுப் பருவம் உள்ள பூச்சிகளுக்குத்தான் பொருந்தும் என்றார் ஒருவர். ‘அணங்கு’ (ஆங்கிலத்தில் நிம்ஃப்) என்று போடலாம் என்றார் இன்னொருவர். கட்டுரையோடு இருக்கும் உரையாடல் பக்கத்தில் 11 நாள்கள் இதே பேச்சு. கடைசியில் ‘இளவுயிரி’ என்று முடிவாகி, வாசகருக்குக் குழப்பம் வரக் கூடாதே என்று அடைப்புக்குறிக்குள் ஒரு விளக்கமும் சேர்த்தோம். மின்னூலில் ‘இளவுயிரி’ இருக்கிறது. அடைப்புக்குறி இருக்கிறது. உள்ளே விளக்கமும் சொல் மாறாமல் இருக்கிறது.

இதைவிட வேடிக்கை ஒன்று உண்டு. தட்டானின் கூட்டுக் கண்களைப் பற்றி நான் எழுதிய பத்தியில் ஒரு பிழை செய்திருந்தேன். ‘கண்கள்’ என்பதில் ‘ண்’ மீது புள்ளி விழவில்லை, ‘கணகள்’ என்று நின்றுவிட்டது. போன மாதம்தான் கண்ணில் பட்டுத் திருத்தினேன். என்ன திருத்தினோம் என்று எழுதும் தொகுப்புச் சுருக்கத்தில் ‘ஒரு புள்ளி’ என்று எழுதிச் சேமித்தது, ஒவ்வொரு திருத்தமும் பதிவாகும் வரலாற்றுப் பக்கத்தில் நாள், நேரத்தோடு இருக்கிறது. மின்னூலில் ‘கூட்டுக் கணகள்’ என்றே இருக்கிறது. என் பிழையைக்கூட விடாமல் எடுத்திருக்கிறார். இவ்வளவு அக்கறையாக என் எழுத்தை இதுவரை யாரும் பாதுகாத்ததில்லை.

ஒவ்வொரு துணைத்தலைப்புக்குப் பக்கத்திலும் ‘[தொகு]’ என்று இருக்கிறது. விக்கிப்பீடியாவில் அந்தப் பகுதியைத் திருத்தச் சொடுக்கும் இணைப்பு அது. வாழிடம் [தொகு]. உணவு [தொகு]. இனப்பெருக்கம் [தொகு]. வரிகளுக்கு நடுவே [3], [7] என்று எண்கள் தொங்குகின்றன, அந்த எண்களுக்குரிய மேற்கோள் பட்டியல் நூலில் எங்கும் இல்லை. ஏழாம் மேற்கோள் எது என்று தேடும் வாசகர் கதி என்னவோ! இத்தனைக்கும் முதல் பக்கத்தில், “அனைத்து உரிமைகளும் பாதுகாக்கப்பட்டவை. எந்தப் பகுதியையும் முன் அனுமதியின்றி நகலெடுப்பது சட்டப்படி குற்றம்.” நான் எழுதிய பத்தியை நான் நகலெடுக்க அவரிடம் விண்ணப்பம் போட வேண்டும்!

கோபம் இங்கேதான் முளைத்தது. பெயர் போடாததைக்கூட மறதி என்று விட்டுவிடலாம். விக்கிப்பீடியாவின் உரிமத்தில் இரண்டாவதாக ஒரு நிபந்தனை உண்டு, அதைப் பலரும் கவனிப்பதில்லை. உரையை எடுத்து மாற்றி வெளியிட்டால், அந்தப் பகுதியை அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். நீங்கள் எடுத்ததைப் போல உங்களிடமிருந்து அடுத்தவரும் எடுக்கலாம். திறந்திருந்த கதவு வழியாக உள்ளே போய், உள்ளேயிருந்து தாழ்ப்பாள் போட்டிருக்கிறார் நண்பர்.

“ஒரு வரிக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?” என்பவர்களுக்கு ஒரு சின்னக் கதை. 2001இல் விக்கிப்பீடியா தொடங்கியபோது அதற்கு இருந்தது குனூ கட்டற்ற ஆவண உரிமம். மென்பொருள் கையேடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்ட உரிமம் அது. அதன்படி ஒரு பக்கக் கட்டுரையை அச்சிட்டாலும் உரிமத்தின் முழு வாசகத்தையும் கூடவே அச்சிட வேண்டும். குழந்தையைவிடத் தொட்டில் கனம். எடுத்துப் பயன்படுத்துகிறவர்களுக்கு இது தொல்லை என்பதும் ஒரு காரணமாகத்தான் 2009இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்துக்கு மாறினார்கள். 2023இலிருந்து அதன் 4.0 பதிப்பு நடப்பில் இருக்கிறது. நாங்கள் ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும், ஓர் இணைப்புக் கொடுத்தாலே எங்களுக்கு உரிய குறிப்பாக ஏற்றுக்கொள்கிறோம் என்று சம்மதித்துத்தான் சேமிக்கிறோம். எங்கள் பெயர்களைக்கூடப் பட்டியலிட வேண்டாம் என்கிறோம், இதற்கு மேல் எப்படி இறங்கி வருவது?

“புகழுக்கு அலைகிறாய்” என்று ஒருவர் எழுதியிருந்தார். என் பயனர் பெயர் என் வீட்டில் இருப்பவர்களுக்கே தெரியாது. தெரிந்தாலும் அதை வைத்து என்னைக் கண்டுபிடிக்க முடியாது. புனைபெயரில், சம்பளம் இல்லாமல், உரையாடல் பக்கத்தில் முகம் தெரியாதவர்களோடு குடம்பியா அணங்கா என்று மல்லுக்கட்டிக்கொண்டு கிடைக்கும் புகழ் எது என்று அவர் சொன்னால் நானும் தெரிந்துகொள்வேன். அந்த வரி எனக்காக இல்லை. வாசகர் அதைப் பிடித்துக்கொண்டு கட்டுரைக்கு வரலாம், எந்த மேற்கோளை வைத்து எழுதினோம் என்று பார்க்கலாம், தவறு இருந்தால் அவரே திருத்தலாம். சரி, எனக்காகவும் கொஞ்சம்தான். கொஞ்சம்கூட இருக்கக் கூடாதா?

“விக்கிப்பீடியாவில் எல்லாம் தப்பும் தவறுமாக இருக்கும்.” அப்படியானால் ஏன் எடுத்தீர்கள்?

“செயற்கை நுண்ணறிவு நிறுவனங்கள் ஒட்டுமொத்தமாக அள்ளிக்கொண்டு போகின்றன, அவர்களைக் கேட்டீர்களா?” கேட்கிறோம். அவர்கள் யாரும் என் பதிவுக்குக் கீழே வந்து பாட்டன் சொத்தா என்று கேட்கவில்லை.

“நீங்களே நாலு புத்தகத்தைப் பார்த்துத்தானே எழுதுகிறீர்கள்?” ஆம், பார்த்துத்தான் எழுதுகிறோம். பார்த்து எழுதுவதற்கும் வரியைத் தூக்கி வைப்பதற்கும் நடுவில் உள்ள தூரத்தை நான் அடிபட்டுத் தெரிந்துகொண்டவன். தகவலுக்கு யாரும் பதிப்புரிமை கொண்டாட முடியாது. தட்டான் நீரில் முட்டையிடும் என்பது எவருடைய சொத்தும் இல்லை. அதைச் சொல்லும் வாக்கியம் எழுதியவருடையது. இது தெரியாமல் என் முதல் கட்டுரையில் ஓர் அறிவியல் நூலிலிருந்து மூன்று பத்திகளை அப்படியே தட்டச்சு செய்து போட்டேன். அரை மணி நேரத்தில் நீக்கிவிட்டார்கள். “அறிவைப் பரப்புவது குற்றமா?” என்று கொதித்துப்போய் எழுதினேன். (ஆமாம், இந்த மின்னூலின் தொகுப்பாசிரியர் இன்று கேட்பதும் கிட்டத்தட்ட இதேதான். தெரிகிறது. மேலே போவோம்.)

அப்போது ஒரு மூத்த பயனர், மற்றவர்கள் எனக்குச் செய்தி எழுதும் என் பேச்சுப் பக்கத்துக்கு வந்தார். திட்டவில்லை. எழுதிப் பழகுவதற்கென்று இருக்கும் என் மணல்தொட்டிப் பக்கத்தில், நான் போட்ட முதல் பத்தியைத் தன் சொற்களில் எழுதிக் காட்டி, கீழே நூலின் பெயரையும் பக்க எண்ணையும் எப்படிக் குறிப்பது என்று செய்துவைத்திருந்தார். “மற்ற இரண்டையும் நீங்கள் எழுதுங்கள், நான் பார்க்கிறேன்” என்று ஒரு வரி. எழுதினேன். இரண்டு முறை திருத்தினார். இப்போது அவர் வருவதில்லை. அவருடைய பயனர் பக்கத்தில் கடைசித் திருத்தம் பல ஆண்டுகளுக்கு முந்தையது. என்ன ஆனார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

அவரிடம் பட்ட கடனுக்காகத்தான், புதியவர்கள் வந்து உதவி கேட்கும் ஒத்தாசைப் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தேன். இனிச் சொல்லப்போவதைச் சொல்ல வேண்டாம் என்றிருந்தேன். இந்த மின்னூலின் தொகுப்பாசிரியர் மூன்று மாதங்களுக்கு முன் அந்தப் பக்கத்துக்கு வந்தவர். தான் சேர்த்த வாக்கியத்தை யாரோ நீக்கிவிட்டார்கள் என்றார். இரவு ஒரு மணி இருக்கும். வரலாற்றைத் திறந்து இரண்டு பதிப்புகளை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி, நீக்கியவர் சுருக்கத்தில் என்ன காரணம் எழுதியிருக்கிறார், சான்றில்லாமல் சேர்த்தால் ஏன் நிற்காது, உரையாடல் பக்கத்தில் எப்படிக் கேட்பது, கேட்டபின் நான்கு அலைக்குறி (~~~~) போட்டுக் கையொப்பமிடுவது என்று எல்லாவற்றையும் எழுதினேன். மறுநாள் அவருடைய வாக்கியம் சான்றோடு கட்டுரையில் நின்றது. “மிக்க நன்றி ஐயா” என்றார். கூடவே இன்னொன்றும் கேட்டார். இங்குள்ள கட்டுரைகளை ஒரு நூலில் சேர்க்கலாமா, யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?

கேட்டார். சொன்னேன். அனுமதியே வேண்டாம், விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளைக்கு மின்னஞ்சல் அனுப்பியும் பயனில்லை, உரையின் உரிமை அவர்களிடம் இல்லை, எழுதியவர்களிடம்தான் இருக்கிறது, அவர்கள் ஏற்கெனவே அனுமதி கொடுத்துவிட்டார்கள் என்றேன். படங்களை மட்டும் ஒவ்வொன்றாகச் சொடுக்கிப் பாருங்கள், ஒவ்வொரு படத்துக்கும் உரிமம் தனித்தனி, எல்லாப் படமும் எடுக்கக் கூடியதல்ல என்றும் சொன்னேன். நூலில் போட வேண்டிய வரியையும் நானே எழுதிக் கொடுத்தேன். அப்படியே ஒட்டினால் போதும். தட்டான் கட்டுரையை முழுதாக ஒட்டத் தெரிந்தவருக்கு அந்த வரியை ஒட்ட முடியவில்லை. அந்த உரையாடலின் இணைப்பு என்னிடம் இருக்கிறது. தர மாட்டேன். உதவி கேட்டு வந்தவரின் கேள்வியை எடுத்து அவர்மீதே வீசினால், நாளைக்கு யார் வந்து கேட்பார்கள்?

இந்த இடத்தில் சிலர் சொல்வது என் காதில் விழுகிறது. “உங்கள் ஆட்கள் புதியவர்களை விரட்டுகிறீர்கள், அதனால்தான் யாரும் உங்களிடம் ஒட்டுவதில்லை.” மற்றக் குற்றச்சாட்டுகளை ஊதித் தள்ளியதுபோல இதைத் தள்ள முடியவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு புதுப் பயனர் ஒரு கட்டுரை எழுதினார். அன்று என் கவனிப்புப் பட்டியலில் பார்க்க வேண்டிய மாற்றங்கள் நூற்றுக்கும் மேல் குவிந்திருந்தன. நான் படித்துப் பார்க்கவில்லை. ‘சான்றில்லை’ என்ற எச்சரிக்கை வார்ப்புருவை, முன்பே எழுதிவைத்த அந்தப் பொதுச் செய்தியை, அவர் பேச்சுப் பக்கத்தில் ஒட்டிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டேன். அந்த வார்ப்புருவின் மொழி வங்கியிலிருந்து வரும் கடிதம்போல இருக்கும். அவர் என்னைக் கேட்டிருந்தார்: “நான் எங்கே தவறு செய்தேன் என்று சொல்ல முடியுமா?” ஒன்பது நாள் கழித்துத்தான் பார்த்தேன். நீளமாகப் பதில் எழுதினேன். அவர் விக்கிப்பீடியாவில் எழுதியதையெல்லாம் காட்டும் பங்களிப்புகள் பக்கத்தில் மூன்றே பதிவுகள் இருக்கின்றன. மூன்றாவது அந்தக் கேள்வி.

சரி. எங்கோ போய்விட்டேன். மின்னூலுக்கு வருகிறேன்.

வழக்குப் போடுவாயா என்று கேட்டவருக்கு: போட மாட்டேன். எங்களில் யாரும் போட மாட்டார்கள், அந்தத் தைரியத்தில்தான் இத்தனையும் நடக்கிறது. ஆனால் அந்த 4.0 உரிமத்தில் ஒரு கருணை இருக்கிறது. நிபந்தனையை மீறினால் உரிமை தானாகவே போய்விடும், ஆனால் மீறியது தெரியவந்த நாளிலிருந்து 30 நாள்களுக்குள் சரிசெய்துவிட்டால் தானாகவே திரும்பவும் கிடைத்துவிடும். யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டாம், என்னிடம்கூட. நான் சொன்ன அன்றிலிருந்து எண்ணினால் இன்னும் 27 நாள்கள் இருக்கின்றன. மின்னூல்தானே, கோப்பைத் திறந்து ஒரு வரி சேர்க்க ஐந்து நிமிடம் ஆகாது. உரிமைகள் பாதுகாக்கப்பட்டவை என்ற அந்த வாசகத்தை எடுக்க இன்னும் ஒரு நிமிடம். வேண்டுமானால் நானே செய்து தருகிறேன். ஒத்தாசைப் பக்கத்தில் கேட்டால் போதும், வழக்கம்போல இரவு விழித்திருப்பேன்.

பிற்சேர்க்கை: இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ‘திருத்திய பதிப்பு’ வந்துவிட்டதாக ஒரு நண்பர் அனுப்பிவைத்தார். திறந்து பார்த்தேன். ‘[தொகு]’ எல்லாம் காணாமல் போயிருக்கின்றன. [3], [7] என்ற எண்களும் இல்லை. விக்கிப்பீடியா என்ற சொல் நூலில் எங்குமே இல்லை. 41ஆம் பக்கத்தில் கூட்டுக் கணகள் அப்படியே இருக்கின்றன.